ஆர்கெஸ்ட்ரா ஒரு கிரெடிட்தானே என்பவர்களுக்கு

ஆர்கெஸ்ட்ராவை, அதாவது வாத்தியக் குழுவை, ஒரு கிரெடிட் (பாடத்தின் எடையைக் குறிக்கும் அலகு) பாடமாக எடுத்துவிட்டு ஒத்திகைக்குப் பாதி நாள் வரவில்லை, கச்சேரிக்கும் வரவில்லை. கிரேடு எஃப், அதாவது ஃபெயில். "ஒரு கிரெடிட்தானே மேம், வயலின் எனக்குச் சும்மா பொழுதுபோக்கு" என்று இந்த செமஸ்டரிலும் ஒரு மாணவர் என் முன் வந்து உட்கார்ந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர்களுக்குப் பாடத் தேர்வில் ஆலோசனை சொல்லும் எனக்கு இந்த வசனம் மனப்பாடம்.

ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று யார் சொன்னது? வகுப்பில் ஒரு மணி, வெளியே படிக்க இரண்டு மணி, இப்படிப் பதினைந்து வாரம். ஆக, சுமார் 45 மணி நேர உழைப்பு. வாத்தியக் குழுவில் அந்த நேரத்தில் பெரும்பகுதி ஒத்திகையிலேயே போய்விடும். வீட்டில் சாதகம் செய்வது தனி. அணிவகுத்து நடந்தபடி வாசிக்கும் மார்ச்சிங் பேண்ட் என்றால் கேட்கவே வேண்டாம், ஆகஸ்ட் வெயிலில் முகாம், அப்புறம் ஃபுட்பால் ஆட்டத்தில் வாசிக்க வேண்டிய சனிக்கிழமைகளை மறந்துவிடலாம். இத்தனைக்கும் ஒரே கிரெடிட் என்பது அநியாயம் என்று இசைத்துறையில் பலர் புலம்புவார்கள். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் குறைந்த கிரெடிட் என்றால் குறைந்த வேலை என்று ஆகிவிடாது.

சின்ன கிரெடிட் பெரிதாக அடிக்கும். 15 கிரெடிட்டில் 14-க்கு ஏ வாங்கி, இந்த ஒன்றில் எஃப் வாங்கினால் ஜிபிஏ எனும் கிரேடு சராசரி 4.0 அல்ல, 3.73. கச்சேரிக்கு மறுதேர்வும் கிடையாது.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளங்கலை படிப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும். சரியாக 12 வைத்துக்கொண்டு ஆர்கெஸ்ட்ராவை டிராப் செய்தால் 11. சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

குழுவில் வாங்கும் கிரெடிட் எத்தனை உங்கள் டிகிரிக்குச் செல்லும் என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். பல துறைகள் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன, அதற்கு மேல் வாசித்தது டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) இருக்கும், பட்டத்துக்கு உதவாது. ஏற்கெனவே 18 கிரெடிட் எடுத்திருந்தால் 19-ஆவதற்குத் தனிக் கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. பூஜ்ய கிரெடிட்டில் சேர வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதிலும் வருகைப் பதிவு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பெற்றோர்களே, டிசம்பர் முதல் வாரத்தில் கல்யாணத்துக்கு ஊருக்கு வரச்சொல்லி டிக்கெட் போடும் முன், பிள்ளையிடம் கச்சேரித் தேதியைக் கேட்டுவிடுங்கள்.