கிராணி எழுதிய அமைப்புக் கோப்பையும் சோதித்தே ஆக வேண்டும்

மலேசியாவின் சுங்கை பட்டாணி வட்டாரத்துத் தோட்ட அலுவலகங்களின் சம்பள மென்பொருள்களைப் பராமரிக்கும் என்னிடம் ஒரே வகைக் கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது. அண்மையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில், ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளர் செலுத்தும் பங்கைக் கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) அமைப்புக் கோப்பில் (மென்பொருள் தனக்கு வேண்டிய மதிப்புகளைப் படித்துக்கொள்ளும் கோப்பு) ‘11%’ என்று எழுதியிருந்தார். வெறும் எண்ணை எதிர்பார்த்த மென்பொருள், அதைப் படிக்க முடியாமல், யாருக்கும் தெரிவிக்காமல், தன்னுள் இருந்த 9 என்ற இயல்பு மதிப்பை எடுத்துக்கொண்டது. அது 2021 ஜனவரி முதல் 2022 ஜூன் வரை நடப்பில் இருந்த குறைக்கப்பட்ட விகிதம். அதன்பின் 11க்குத் திரும்பியதை நிரலில் எவரும் திருத்தவில்லை. தொழிலாளி ஒருவர் தம் கணக்கறிக்கையுடன் வந்து கேட்ட பிறகே விஷயம் வெளிப்பட்டது.

“தவறாக எழுதினாலும் இயல்பு மதிப்பு காப்பாற்றிவிடுமே” என்று நிரலாளர்கள் சொல்வதைக் கேட்டுச் சலித்துவிட்டது. ஒருவர் எதையும் குறிப்பிடாமல் விட்டபோது பயன்படுவதற்கே இயல்பு மதிப்பு இருக்கிறது. அவர் ஒன்றைக் குறிப்பிட்டு, அது மென்பொருளுக்குப் புரியாமல் போனால், அங்கே இயல்பு மதிப்பை வைப்பது அவர் கேட்காத ஒன்றை அவர் பெயரில் செய்வதாகும். மென்பொருள் நின்றுபோனால் அன்றைக்கே தொலைபேசி அழைப்பு வரும். தவறான எண்ணுடன் ஓடினால் மாதக்கணக்கில் எவரும் அழைக்க மாட்டார்கள். “வெளியாளா எழுதுகிறார், நம் கிராணிதானே” என்பதும் பதிலாகாது. சோதனை என்பது திருடனுக்காக மட்டும் வைப்பதன்று.

சோதித்துப் பார்த்தோம் என்பதும் போதாது. யாமல் (YAML) என்ற வடிவில் எழுதிய அமைப்புக் கோப்பில் அலோர் ஸ்டாரின் அஞ்சல் குறியீடான 05000 மேற்கோள் குறியின்றி இருந்தால், யாமல் 1.1 விதிப்படி படிக்கும் பையாமல் (PyYAML) என்ற நிரல் நூலகம் அதை எட்டடிமான எண்ணாக (0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களால் மட்டும் எழுதப்படுவது) கொண்டு 2560 ஆக்கிவிடும். எட்டடிமான முறையில் 8 என்ற இலக்கம் இல்லாததால் எங்கள் ஊரின் 08000 மட்டும் தப்பிவிடும். உள்ளூர் முகவரியை மட்டும் வைத்துப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

ஆகவே, மென்பொருள் தொடங்கும்போதே எல்லா மதிப்புகளையும் வகை பார்த்து, எல்லை பார்த்துச் சோதியுங்கள். 11க்குப் பதில் 0.11 எழுதுவோரும் உண்டு. அறியாத அமைப்புப் பெயரைக் கண்டால் மறுத்துவிடுங்கள், ஏனெனில் அது பெரும்பாலும் எழுத்துப்பிழையாகவே இருக்கும். பிழைச் செய்தியில் எந்த வரி, என்ன எழுதப்பட்டுள்ளது, என்ன வேண்டும் என்ற மூன்றையும் சொல்லுங்கள். “அமைப்பில் பிழை” என்று மட்டும் காட்டுவது வெறும் சோம்பேறித்தனம்.

கிராணிமாருக்கு ஒரு வேண்டுகோள்: கோப்பைத் திருத்துமுன் பழையதை நகலெடுத்து வையுங்கள்; மென்பொருள் திறக்க மறுத்தால் திரையை மூடிவிடாமல் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புங்கள்.