இம்ப்ரொவைசேஷன் – சொல் விளக்கம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'இம்ப்ரூவ்' என்றால் மேம்படுத்துவது. 'இம்ப்ரொவைஸ்' அதற்குச் சொந்தமே இல்லை. லத்தீனில் 'இம்ப்ரொவீசுஸ்' என்றால் முன்கூட்டிப் பார்க்காதது. அது இத்தாலி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நாடகத்தில், எழுதிய வசனம் இல்லாமல் மேடையிலேயே காட்சியை உருவாக்கி நடிப்பது என்று பொருள். வசனம் மறந்துபோய்ச் சமாளிப்பது இதில் சேராது.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்க நடிகையும் இயக்குநருமான எலைன் மேயைப் பார்த்தால் போதும். 1932இல் பிலடெல்பியாவில், ஒரு யிட்டிஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) நாடக நடிகரின் மகளாகப் பிறந்தவர். 1950களில் சிகாகோவின் காம்பஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவில் நடிகர் மைக் நிக்கோல்ஸோடு ஜோடி சேர்ந்தார். பார்வையாளர்களிடமே முதல் வரி, கடைசி வரி, எந்த எழுத்தாளரின் பாணி என்று கேட்டு வாங்கி, அங்கேயே நடித்துக் காட்டுவார்கள். 1960இல் அந்த ஜோடி நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை ஏறியது. சீக்கிரமே பிரிந்தும் போனது.

அப்புறம் சினிமா. 'எ நியூ லீஃப்' (1971) படத்தை எழுதி, இயக்கி, நடித்தார். 'ஹெவன் கேன் வெயிட்', 'ப்ரைமரி கலர்ஸ்' திரைக்கதைகளுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஆனால் அங்கேயே உருவாக்கி நடிக்கும் பழைய பழக்கம் விடவில்லை. 'மைக்கி அண்ட் நிக்கி' (1976) படத்துக்கு 14 லட்சம் அடி ஃபிலிம் ஓடியதாம். நடிகர்கள் எழுந்து போன பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருக்க, ஒளிப்பதிவாளர் 'கட்' சொன்னாராம். "அவர்கள் திரும்பி வந்தாலும் வரலாமே" என்றாராம் மே. தயாரிப்பாளர் வயிறு எரிந்திருக்கும்!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'திடீர் நடிப்பு' என்றால் இன்ஸ்டன்ட் காபி மாதிரி இருக்கிறது. நம்மிடம் 'ஆசுகவி' உண்டு: கொடுத்த பொருளில் கொடுத்தபடி உடனே பாடுபவர். 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடிக்கச் சொன்னபோது, காளமேகம் முருகன்மேல் வெண்பா பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நிக்கோல்ஸும் மேயும் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். அந்த வழியில் 'ஆசு நடிப்பு' எனலாம். ஆனால் 'ஆசு' வடசொல். தமிழில் 'ஆசு' என்றால் குற்றம் என்றும் பொருள் வரும், வம்பு. எனவே என் தேர்வு 'உடன்புனைவு'. நடிப்புக்கு மட்டுமல்ல, கச்சேரியில் மனோதர்மமாகப் பாடுவதற்கும் அது பொருந்தும்.