பெக், பம்பர், புதைவில்லை

'அப்பாவுக்கு பெக் வச்சிருக்கு' என்றால் நம்மூரில் கேட்பவர் ஒரு மாதிரிதான் பார்ப்பார். ஆஸ்பத்திரி பெக் வேறு. மூக்கு வழியாகப் போகும் ரைல்ஸ் ட்யூப் பல வாரங்களுக்குச் சரிப்படாது என்பதால், வயிற்றுத் தோலில் துளையிட்டு நேரே இரைப்பைக்குள் வைக்கும் உணவூட்டும் குழாய் அது. பெர்க்யூட்டேனியஸ் எண்டோஸ்கோபிக் கேஸ்ட்ராஸ்டமி என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகள்தான் பெக்.

முதற்சொல் லத்தீன், 'தோல் வழியாக' என்று பொருள். எண்டோஸ்கோபி கிரேக்கம்: எண்டோன் உள்ளே, ஸ்கோபெய்ன் பார்ப்பது. இதற்கான கேமராக் குழாயை உள்நோக்கி என்று எழுதுகிறார்கள், ஆனால் 'உள்நோக்கித் தள்ளினார்' என்று வந்தால் கருவியா திசையா என்று குழம்பும், அதனால் என் ஓட்டு அகநோக்கிக்கு. கேஸ்ட்ராஸ்டமியில் கேஸ்டர் வயிறு, ஸ்டோமா வாய். புண்வாய், கணவாய் என்று திறப்பை வாய் என்பது நமக்கும் பழக்கம்தானே. ஆனால் கருப்பை வாய் போல இரைப்பை வாய் என்றால் இயற்கையான வாயைச் சொல்வதாகிவிடும். புறவாசல் மாதிரி, இரைப்பைப் புறவாய் எனலாம்.

1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காடரர், பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள் வயிற்றைக் கிழிக்காமல் ஒரு குழந்தைக்கு இதை முதலில் வைத்தார்கள்.

அப்புறம் பம்பர். பரிசு இல்லை, வண்டி பம்பரின் உறவு. குழாய் வெளியே உருவிவராமல் இரைப்பையின் உட்சுவரை ஒட்டி நிற்கும் வட்டத்தகடு அது. தோட்டுக்குத் திருகாணி மாதிரி. திருகாணியை ரொம்ப இறுக்கினால் காது மடலில் பதிந்து மேலே சதை மூடுமே, அதேதான் இங்கும்: தோலுக்கு மேலே இருக்கும் வெளித்தகட்டை வயிற்றோடு இறுக்கிக் கட்டினால் உள்ளே இருப்பது இரைப்பைச் சுவருக்குள் மெல்லப் புதையும். இங்கிலீஷில் பரீட் பம்பர் சிண்ட்ரோம். சிண்ட்ரோம் என்றால் பல குறிகள் சேர்ந்து ஓடிவருவது. இது ஒரே கோளாறு, அந்த வால் எதற்கு? வட்டத்தகடுதான் வில்லை, அது புதைந்தால் புதைவில்லை, அவ்வளவு போதும்.

குழாய் சுழலாது, உள்ளே தள்ளினால் நகராது, கஞ்சி ஊற்றினால் ஓரமாகக் கசியும். பலவந்தம் வேண்டாம், ஊற்றுவதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அங்கே அகநோக்கியை வாய் வழியாக இறக்கிப் பார்ப்பார்கள். வில்லை கொஞ்சம் தெரிந்தால் இரைப்பைக்குள் தள்ளி எடுத்துவிடுவார்கள். முழுக்க மூடியிருந்தால் ஊசிமுனைக் கத்தியால் மேல்சதையைக் கீறி விடுவித்துவிட்டு வேறு குழாய் வைப்பார்கள். வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன் பலருக்குத் தேவைப்படாது. புண் ஆறியபின் வெளித்தகட்டுக்கும் தோலுக்கும் அரை முதல் 1 செ.மீ. இடைவெளி விட்டு, சொல்லிக்கொடுத்தபடி குழாயை அவ்வப்போது தள்ளிச் சுழற்றி வந்தால் பெரும்பாலும் இந்த வம்பே வராது.

டாக்டரிடம் போய் புதைவில்லை என்றால் அவர் விழிப்பார், அங்கே பம்பர் என்றே சொல்லுங்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு, திருகாணி என்றால் ஒரே நொடியில் புரியும்.