சுவிட்சை அணைத்தாலும் சீலிங்கில் கரண்ட் இருக்கும்

பழைய டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பேனல் மாட்டுவது பத்து நிமிட வேலைதான். ஆனால் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏணியில் ஏறுகிறார்களே, அங்கேதான் உயிருக்கு ஆபத்து.

சுவிட்ச், கரண்ட் வரும் பேஸ் வயரில்தான் இருக்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் அது, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டிருக்கும். விளக்கு அணையும், ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு இரவில் மங்கலாக மினுங்கினால் இதை முதலில் சந்தேகப்படுங்கள். இண்டிகேட்டர் வைத்த சுவிட்சாலும் அப்படி மினுங்கலாம் என்பதால், சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.

சரி, மெயினையே இறக்கிவிட்டோம் என்றால்? இன்வெர்ட்டர் இருக்கிறதே! 2012-ல் நீண்ட மின்வெட்டு இருந்தபோது சேலத்தில் பல வீடுகளுக்கு இன்வெர்ட்டர் வந்தது. பெரும்பாலும் ஹால், படுக்கையறை விளக்குகள் அந்த லைனில்தான் இருக்கும். மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டர் அதை மின்வெட்டு என்று எடுத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை அனுப்பும். எனவே மெயினை இறக்கி, இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் அவுட்புட்டைப் பிரித்த பிறகே சீலிங்கில் கை வைக்க வேண்டும். சேலத்தின் அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் விசைத்தறி உள்ள வீடுகளில் மூன்று பேஸ் சப்ளை இருக்கும். ஒரே சுவிட்ச் பெட்டிக்குள் இரண்டு பேஸ் வந்திருந்தால் அவற்றுக்கு இடையே சுமார் 400 வோல்ட் இருக்கும். அங்கே ஒரு எம்.சி.பி.யை (ஒரு சர்க்யூட்டுக்கான தானியங்கி பிரேக்கர்) மட்டும் இறக்கிவிட்டு வேலை பார்க்கவே கூடாது.

டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் பாயிண்டில் வைத்து, அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு மெயினை இறக்கி, சீலிங்கில் எல்லா வயரிலும் வையுங்கள். நியூட்ரலான கறுப்பு வயரையும் விட்டுவிடாதீர்கள். நியூட்ரல் ஒரு சீலிங் ரோஸிலிருந்து (சீலிங்கில் விளக்கு வயர் இணையும் வட்டப் பெட்டி) அடுத்ததற்கு லூப்பாகப் போயிருந்தால், லைன் உயிரோடு இருக்கும்போது அதைக் கழற்றியதும், எரிந்துகொண்டிருக்கும் அடுத்த விளக்கு வழியாக அந்தக் கறுப்பு வயருக்கே கரண்ட் வந்துவிடும். "நியூட்ரல்தானே" என்று தொட்டவர்களுக்கு ஷாக் அடிப்பது இப்படித்தான்.

லைட் பாயிண்டுக்கு 1 சதுர மி.மீ. காப்பர் வயர் போதும். அந்த சர்க்யூட்டின் மெயின் வயர் 1.5, எம்.சி.பி. 6 ஆம்பியர். இன்சுலேஷனை கனெக்டர் கேட்கும் அளவுக்கு மட்டும் உரியுங்கள். காப்பர் வெளியே தெரியக்கூடாது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு நாளடைவில் தளர்ந்து சூடாகும், டேப்பும் பிசின் விட்டு உரிந்துவிடும். ஃபால்ஸ் சீலிங் மேலே என்றால் அந்தச் சூடு யார் கண்ணிலும் படாது. ஆகவே கனெக்டர் போட்டு, மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். கனமான விளக்கை வயரில் தொங்கவிடாமல் ஹூக்கில் மாட்டுங்கள். உலோக பாடிக்குப் பச்சை எர்த் வயர் கட்டாயம். எர்த் வராத பழைய பாயிண்டில், சதுரத்துக்குள் சதுரம் குறியிட்ட இரட்டை இன்சுலேஷன் விளக்கை மட்டும் வாங்குங்கள்.

ஏற்காட்டில் பனிமூட்டமும் ஈரமும் வயர் ஓடும் பைப்புக்குள் இறங்கி நீர்த்துளியாக நிற்கும். பழைய பங்களாக்களில் மரச்சட்டத்தின் மேல் ஓடும் ரப்பர் வயரை வளைத்தாலே இன்சுலேஷன் பொடியாக உதிரும். அதில் புது விளக்கைச் சேர்க்காமல் அந்த லைனையே மாற்றிவிடுங்கள். அலுமினிய வயரோடு காப்பரை நேராக முறுக்கினால் ஈரத்தில் அரித்து, இணைப்பு சூடாகும். வராண்டாவுக்கு ஐ.பி. 65 (தூசியும் நீர்த்தாரையும் புகாது) என்று குறித்த விளக்கை வாங்குங்கள்.

மாட்டி முடித்து மெயினை ஏற்றியதும் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் பேஸ் முனையைச் சோதியுங்கள். எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கலாம். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உறுதி செய்து, அப்படியிருந்தால் அன்றைக்கே பேஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அது உடனே ட்ரிப் ஆக வேண்டும்.