கையில் போன் இல்லை, கவனமும் சாலையில் இல்லை

ஓட்டுநர் பயிற்சியில் கைபேசிச் சட்டம் பற்றிப் பேசத் தொடங்கியதும் வரும் முதல் கேள்வி, "ப்ளூடூத்தில் பேசினால் அபராதம் உண்டா?" பல நாடுகளில் கிடையாது. அபராதம் இல்லை என்றால் ஆபத்தும் இல்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது மிகத் தவறான முடிவு.

1997இல் வெளியான ஆய்வில், ரெடல்மையர், டிப்ஷிராணி என்ற ஆய்வாளர்கள் இருவரும் கனடாவின் டொரொண்டோவில் விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். போன் பேசும்போது விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அது குறைந்ததாகத் தெரியவில்லை. 2005இல் வெளியான ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆய்விலும் ஏறக்குறைய அதே 4 மடங்குதான். பேச்சில் மனம் போய்விட்டால், கண் பார்த்தது மூளையில் பதிவதில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர், முன்னால் லாரி பிரேக் போட்டால் தானே பேச்சை நிறுத்துவார். மறுமுனையில் இருப்பவருக்குச் சாலை தெரியாது. அவர் பதிலுக்குக் காத்திருப்பார்.

அப்படியானால் சட்டம் ஏன் கையையே பிடித்துக்கொண்டிருக்கிறது? கையில் போன் இருப்பதைக் காவலர் பார்க்கலாம், நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். மனம் எங்கே இருந்தது என்பதை நிரூபிக்க முடியாது. இது நியாயமான காரணமே. ஆனால் வாசகம் இறுக்கமாக இருக்க வேண்டும். பிரிட்டனின் 2003 விதி, பிறரோடு தொடர்புகொள்ளப் போனைப் பயன்படுத்துவதையே குறிவைத்தது. அதனால், ஓட்டிக்கொண்டே விபத்து இடத்தைப் படம்பிடித்த ஒருவர் அந்த விதியில் அடங்கமாட்டார் என்று 2019இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2022 மார்ச் 25 முதல் அங்கே போனைக் கையில் பிடித்துப் படம் எடுப்பது, பாட்டு தேடுவது, விளையாடுவது எல்லாமே குற்றம். சிவப்பு விளக்கில் நின்றிருந்தாலும்தான். இதுதான் சரியான திசை என்பது எங்கள் கருத்து.

சிவப்பு விளக்கைச் சேர்த்தது பலருக்குக் கடுமையாகப் படுகிறது. அமெரிக்காவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 நொடி வரை ஆனது. விளக்கு பச்சையானதும் வண்டி நகர்ந்துவிடும். மனம் இன்னும் திரையில்தான் இருக்கும். குறுக்கே நடப்பவர் கண்ணில் படாமல் போவது அந்த நொடிகளில்தான்.

திரையைப் பார்ப்பதன் கணக்கு இன்னும் எளிது. மணிக்கு 60 கிமீ வேகத்தில் 2 நொடிக்கு 33 மீட்டர். செய்தி தட்டச்சு செய்த லாரி ஓட்டுநர்களின் கண், 6 நொடியில் 4.6 நொடி சாலையில் இல்லை என்று அமெரிக்காவின் வர்ஜீனியா ஆய்வு ஒன்று 2009இல் காட்டியது. 80 கிமீ வேகத்தில் அது 100 மீட்டருக்கு மேல்.

செய்ய வேண்டியவை கிளம்புவதற்கு முன்பே இருக்கின்றன. வழிகாட்டியில் முகவரியை இடுங்கள், குரலை இயக்குங்கள், பாட்டைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டும்போது அறிவிப்புகளைத் தடுக்கும் வசதியை, காரின் ப்ளூடூத்தோடு இணைந்ததும் தானாக இயங்கும்படி வையுங்கள். ஒவ்வொரு முறையும் கையால் போட வேண்டும் என்றால் சீக்கிரமே மறந்துவிடும். போன் தாங்கி, கண்ணாடியில் சாலையை மறைக்கக் கூடாது. ஏர்பேக் மூடியின் மீதோ அது விரியும் பாதையிலோ இருந்தால் ஏர்பேக் வெடிக்கும் வேகத்தில் போன் முகத்துக்கே வரும். மடியிலோ பக்கத்து இருக்கையிலோ போட்ட போன், திடீர் பிரேக்கில் கீழே விழும். பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் பெடல் முழுதாக அழுந்தாது. குனிந்து தேடினால் சாலையே தெரியாது. விழுந்தால் விட்டுவிடுங்கள், ஓரமாக நிறுத்திய பிறகு எடுங்கள்.

அழைப்பவருக்கும் இதில் பங்கு உண்டு. "வண்டி ஓட்டுறீங்களா?" என்று முதலில் கேளுங்கள். ஆமாம் என்றால், "நிறுத்திட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லி நீங்களே துண்டியுங்கள். ஓட்டுநர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், ஓட்டும் நேரத்தில் எடுக்காத அழைப்புக்கு விளக்கம் கேட்கக் கூடாது என்பதை எழுத்தில் விதியாக்க வேண்டும்.