தேர்: சொல்லும் பொருளும்

'சாரியட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் தேர் என்றும் ரதம் என்றும் எழுதுகிறோம். இரண்டும் ஒரு பொருளன எனக் கொண்டு மாற்றி மாற்றி ஆள்வதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் இவற்றின் பிறப்பும் வழக்கும் வேறு வேறு. தேரைப் போர் ஊர்தி என்று மட்டும் கொள்வது, தமிழ் இலக்கியத்தைப் பொறுத்தவரை, அச்சொல்லின் பாதி வாழ்க்கையை மறைத்துவிடுகிறது.

தேர் திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொல். மலையாளத்தில் தேர் என்றும், கன்னடத்திலும் தெலுங்கிலும் தேரு என்றும் வழங்குகிறது. ரதம் வடமொழியிலிருந்து வந்தது. இலத்தீனில் சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா', ஜெர்மன் மொழியின் 'ராட்' ஆகியவை அதன் உறவுச் சொற்கள். ரகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது என்பதால் பழைய நூல்கள் அதனை இரதம் என்று எழுதின. 'சாரியட்' என்பதோ, ரோமானியர் கெல்ட்டியரிடமிருந்து பெற்ற 'கர்ருஸ்' என்னும் வண்டிப் பெயர் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் புகுந்து அடைந்த வடிவம். இன்று தெருவில் ஓடும் காருக்கும் அதுவே மூலம். ஆராய்தல், தெளிதல் என்னும் பொருளுடைய 'தேர்' என்ற வினையும், அதிலிருந்து வந்த தேர்வு, தேர்தல் ஆகிய சொற்களும் ஒலியால் ஒத்தவையே தவிர ஊர்தியோடு தொடர்புடையவை அல்ல. பாண்டியனைக் கண்ணகி 'தேரா மன்னா' என்று விளித்தது ஆராயாத மன்னன் என்ற பொருளில்தான். ஆனால் அதே பேச்சில், பசுவின் துயர் பொறாமல் தன் மகனையே 'ஆழியின் மடித்த' சோழனை அவள் நினைவூட்டுகிறாள். அந்த ஆழி தேர்ச்சக்கரம்.

உலக வரலாற்றில் இந்த ஊர்தியின் கதையைச் சுருங்கச் சொல்லலாம். மெசொப்பொத்தாமியாவின் ஊர் நகரில் கிடைத்த, ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழமையுடைய சித்திரப் பெட்டியில் காணப்படும் போர் வண்டிகள், கட்டைச் சக்கரங்கள் நான்கைக் கொண்ட பாரமான சகடங்கள். ஆரக்கால் வைத்த இலேசான இருசக்கரத் தேரின் மிகப் பழைய சான்றுகள் யூரல் மலைக்குத் தெற்கே சிந்தாஷ்தா பண்பாட்டுக் கல்லறைகளில், ஏறத்தாழ கி.மு. 2000 அளவில் கிடைக்கின்றன. கி.மு. 1274இல் காதேசுப் போரில் எகிப்தின் இரண்டாம் ராமசேசும் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டியரும் மோதியபோது அதுவே இருதரப்பின் தலையாய படை. கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸ் தரப்புத் தேர்கள் அலெக்சாந்தருக்கு எதிராகச் சேற்றில் பயனற்றுப்போன காலத்தில், குதிரை மேலேறிப் போரிடும் வீரன் தேரைக் களத்திலிருந்து ஏற்கெனவே விலக்கத் தொடங்கியிருந்தான். ரோமானியரிடம் அது பந்தயத்துக்கும் வெற்றி ஊர்வலத்துக்கும் உரியதாகவே எஞ்சியது.

தமிழில் தேர் வேறு முகத்தோடு நிற்கிறது. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படை மரபு நமக்குத் தெரிந்ததே. ஆனால் போரைச் சொல்லும் தொல்காப்பியத்தின் தும்பைத்திணை 'தானை யானை குதிரை' என்று மூன்றை மட்டுமே நிறுத்துகிறது; தானை என்பது காலாள். தேர் அங்கே இல்லை. காதலர் ஊர்ந்து செல்லும் ஊர்திகளைச் சொல்லும் பொருளியல் நூற்பாவோ 'தேரும் யானையும் குதிரையும் பிறவும்' என்று தேரையே முதலில் வைக்கிறது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சங்கப் பாடல்களில் தேர் களத்தில் மோதுவதைவிட, வினை முடித்த தலைவன் வீடு திரும்பும் முல்லை வழியிலும் நெய்தல் நில மணலிலுமே மிகுதியாக ஓடுகிறது. பூக்களில் துணையோடு தங்கிய வண்டுகள் கலங்குமே என்று அஞ்சி, தேர்மணியின் நாவைக் கட்டிவைத்து வரும் தலைவனை அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டுகிறார். போர் ஊர்தி என்ற விளக்கத்தை வைத்துக்கொண்டு இந்தப் பாடலைப் படிக்க முடியாது.

தேர் கொடைப் பொருளாகவும் இருந்தது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை எல்லாரும் அறிவர். கபிலர் மலையமான் திருமுடிக்காரியைப் பாடும்போது, நாட்காலையில் கள்ளுண்டு மகிழ்ந்திருக்கையில் தேர் கொடுப்பது 'யார்க்கும் எளிதே' என்றும், மலையன் மகிழாமலே ஈத்த தேர்கள் மிகப் பல என்றும் சொல்கிறார். ஈகையின் உச்ச அளவுகோலாக ஒரு பொருள் அமைய வேண்டுமானால் அது செல்வர்க்கும் வேந்தர்க்குமே உரிய அரிய பொருளாக இருந்திருக்க வேண்டும்.

சொல்வளமும் அதற்கேற்பப் பெருகிற்று. தேரைச் செலுத்துபவன் வலவன், பாகன்; முன்புறம் கைபிடிக்கும் தாமரை வடிவ உறுப்பு கொடிஞ்சி. சக்கரம் ஆழி, நேமி, திகிரி எனப்படும். கால் என்றாலும் சக்கரமே. 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' என்னும் குறளிலும், பட்டினப்பாலையில் சிறுவர் உருட்டும் 'முக்காற் சிறுதேர்' என்பதிலும் கால் அப்பொருளில் வருகிறது. அந்த மூன்று சக்கரச் சிறுதேருக்கு நடைவண்டி இன்றைய உறவு. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவமும் சிறுதேர்தான். பாலை நிலத்துக் கானல்நீருக்குப் பேய்த்தேர் என்ற பெயரும் உண்டு.

இன்று தேர் என்றால் கோயில் தேர். இறைவனை ஊர் ஆளும் வேந்தனாகக் கொண்ட வழிபாட்டில் வேந்தனின் ஊர்தியும் அவனுக்கு உரியதாயிற்று. ஆனால் அமைப்பு தலைகீழாகிவிட்டது: விரைவுக்காக இலேசாகச் செய்த ஊர்தி, அலங்காரத்துடன் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்டதாகச் சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேராக நிற்கிறது. முன்னே பாயும் குதிரைகள் மரப் பொம்மைகள். இழுப்பவர் வடம் பிடிக்கும் மக்கள். கடிவாளம் இல்லாத அதனைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டைகள் இடுவர். தேரடி, தேர்முட்டி, நிலைக்கு வருதல் ஆகிய வழக்குகள் இங்கிருந்து வந்தவை. இழுத்துக்கொண்டு முடியாத வேலையை 'திருவாரூர்த் தேர்' என்பதும் அப்படியே.

ரதம் என்ற சொல்லை அடியோடு விலக்க வேண்டியதில்லை. மாமல்லபுரத்தின் 'ஐந்து ரதங்கள்' 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கால ஒற்றைக்கல் கோயில்கள். அவற்றுக்குச் சக்கரமும் இல்லை, பாண்டவரோடு தொடர்பும் இல்லை. பெயராக நிலைத்துவிட்டதால் அங்கே ரதம் அப்படியே இருக்கலாம். தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் காலத்து மண்டபம் சக்கரமும் குதிரையும் பூண்டது. அதைத் தேர் மண்டபம் என்றால் உருவத்துக்கும் பொருந்தும்.

வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்போர் எகிப்தியர், ஹிட்டைட்டியர், கிரேக்கர் ஆகியோரின் இருசக்கர ஊர்திக்குத் தேர் என்றே எழுதலாம். ஊர் நகரத்துக் கட்டைச் சக்கர வண்டிக்குப் போர்ச்சகடம் பொருத்தம். சகடமும் வடசொல் வழி வந்தது என்பதால் தயங்குவோர் பண்டி என்னலாம். ரோமானியரின் நான்கு குதிரை பூட்டிய பந்தய ஊர்தியை நாற்பரித் தேர் என்றும், அதை ஓட்டுபவனைத் தேர்வலவன் என்றும் குறிக்கலாம். சதுரங்கத்தில் ஆங்கிலேயர் 'ரூக்' என்பது பாரசீகத்தில் தேரைக் குறித்த 'ருக்' என்னும் சொல்லே. மலையாளிகள் அக்காயை இன்றும் தேர் என்கிறார்கள். நாம் யானை என்றோ கோட்டை என்றோ சொல்லிவருகிறோம்.