கறுப்பு மைக்குள் இத்தனை சாம்பல் நிறமா?

மறுமலர்ச்சிக் காலச் செப்புத் தகட்டு அச்சுப் படங்களில் கறுப்பு மை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை சாம்பல் நிறங்களை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் பிறந்த ஹான்ஸ் செபால்ட் பேஹாம் (1500–1550) செதுக்கிய ‘ஏழு கலைகள்’ படவரிசையையே எடுத்துக்கொள்வோம். இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், இசை, வடிவியல், வானியல் என ஒவ்வொன்றும் ஒரு பெண் உருவம். படம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனாலும் ஆடை மடிப்பின் நிழலும் தோளின் திரட்சியும் அதில் துல்லியமாகத் தெரியும். இதுபோன்ற சிறு படங்களைப் பொற்கொல்லர்களும் தங்கள் வேலைக்கு மாதிரியாக வைத்துக்கொண்டார்கள்.

செய்முறை எளிதுதான். செப்புத் தகட்டில் எஃகு உளியால் கீறி, மை பூசி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தினால் படம் இடவலம் மாறி விழும். மரக்கட்டை அச்சில் மை மேட்டில் நிற்கும். இங்கே பள்ளத்தில்.

சூட்சுமம் எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான். உளியின் முனை கூம்பி இருப்பதால் கீறலின் சுவர்கள் இரண்டும் சரிந்து அடியில் ஒன்றுசேரும். லேசாகத் தள்ளினால் மயிரிழை. சற்று அழுத்தினால் ஆழம் கூடும், கூடவே அகலமும் கூடும். இரண்டும் இரு மடங்கானால், அதே நீளத்துக்கு மை நான்கு மடங்கு பிடிக்கும்! அதனால் தடித்த கோடு அகலமாக விழுவதோடு நிற்பதில்லை. மை கனத்து, காகிதத்தின் மேல் மெல்லிய வரப்பாக எழும்பியும் நிற்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். கையை எடுக்காமலே ஒரு கோட்டை மெலிதாகத் தொடங்கி, நடுவில் தடிக்கவிட்டு, மறுபடி மெலிதாக முடிக்கலாம். தோளின் திரட்சி அப்படி வந்ததுதான். வளைவு வந்தால், தோல் மெத்தைமேல் இருக்கும் தகட்டை இடக்கை சுழற்றும். உளி பிடித்த கை பெரிதாகத் திரும்பாது.

அப்புறம் நம் கண்ணின் பங்கு. நெருக்கமான மயிரிழைகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய அதற்கு இயலாது; கோட்டின் கறுப்பையும் காகிதத்தின் வெள்ளையையும் கலந்து சாம்பலாகக் காண்கிறது.

செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு துடைப்பிலும் அழுத்தத்திலும் தகடு தேயும், ஆழமில்லாத கீறல்கள்தான் முதலில் மறையும். அதாவது, முதலில் போவது சாம்பல்தான். பிந்தைய பிரதிகளில் உருவம் தட்டையாகத் தெரிவது அதனால்தான். ஒரே படத்துக்குப் பல பிரதிகள் எதற்கு, பணம் வீண் என்று அருங்காட்சியகங்களிடம் சொல்பவர்களை என்னால் ஏற்கவே முடியவில்லை. தகடே கிடைக்காதபோது, அது தேய்ந்த வரலாற்றை அந்தப் பிரதிகளை ஒப்பிட்டுத்தான் படிக்க முடியும்.